ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியே

ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியே (ஏப்ரல் 16, 1907 - பெப்ரவரி 18, 1964) கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த இயந்திரவியலாளரும் கண்டுபிடிப்பாளரும் தொழில் முனைவரும் ஆவார். ஸ்னோமொபைல் எனப்படும் பனியூர்தியை நடைமுறைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர்களுள் இவர் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். பனியில் மூடுண்ட சிற்றூர்களிலிருந்து நோயாளிகளையும் மாணவர்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய ஊர்திகளை முதலிலும், ஓரிருவர் மட்டும் அமர்ந்து செல்லும் ஸ்கி-டூ என்னும் சிற்றூர்தியைப் பின்னரும் இவர் உருவாக்கினார். இவரது குடும்பப்பெயர் பிரெஞ்சு மொழியில் பொம்பார்டியே என்றும், ஆங்கில வழக்கில் பம்பார்டியர் என்றும் ஒலிக்கப்படுகிறது. தொடருந்து, வானூர்தித் துறைகளில் பின்னாளில் உலகறிந்த பம்பார்டியர் நிறுவனம் இவர் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்ததாகும்.

பனியில் விரைந்து செல்ல இயலாமையே இவரது காலத்தின் சிக்கலாக இருந்தது. இவரது கண்டுபிடிப்பு பரவிய பின்னர், பனியில் மிகையாக விரைந்து செல்வது சிக்கலாயிற்று. இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் பனித் தடங்களிலும் உறைந்த ஏரிகளிலும் நடைமுறையில் உள்ள வேக வரம்புகளுக்கு இதுவே பின்னணி ஆகும்.

பிறப்பும் இளமையும்

பொம்பார்டியே கியூபெக் மாகாணத்தின் தென்கிழக்கில் உள்ள வால்கூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அல்ஃபிரட் பொம்பார்டியே. தாய் ஆன்னா கிராவெல். எட்டுப் பிள்ளைகளில் இவரே மூத்தவர். உழவராக இருந்த தந்தை பின்னர் வணிகத்தில் ஈடுபட்டார்.

சிறுவயதிலேயே பழைய கடிகாரங்களின் பற்சக்கரங்களையும் சுருள்வில்களையும் கொண்டு நகரும் பொம்மைகளைச் செய்வதில் இவர் ஆர்வம் காட்டினார். வீட்டு இயந்திரங்களை மகன் பிரித்துப் போடுவதைத் தவிர்க்க எண்ணிய தந்தை, பழுதடைந்த பழைய ஃபோர்டு தானுந்து ஒன்றை இவருக்குக் கொடுத்தார். அதன் எந்திரத்தைச் செப்பனிட்ட இவர், அதனை ஒரு பனிச்சறுக்கு வண்டியில் பொருத்தி, பின்புறம் மரத்தாலான சுழல்விசிறி ஒன்றை மாட்டினார். டிசம்பர் 31, 1922 அன்று தம்பி லியோபோல்டுடன் இவ்வண்டியை ஊர்த் தெருவில் ஓட்டிக் காட்டினார். அப்போது இவருக்கு வயது 15. மறைப்பு ஏதுமின்றிச் சுழன்ற விசிறி பேரிடருக்கு வழிவகுக்கும் என அஞ்சிய தந்தை, வண்டியைப் பிரித்துவிடுமாறு உத்தரவிட்டார். பனியில் ஓடிய இவரது முதல் ஊர்தி இவ்வாறு பாதுகாப்புக் காரணத்துக்காகத் தடைசெய்யப்பட்டது.

குருத்துவக் கல்விக்காகப் பெற்றோர் இவரை ஷெர்புரூக் நகரில் உள்ள கிறித்தவக் கல்லூரியில் சேர்த்திருந்தனர். இவருக்கோ இயந்திரங்களிலேயே நாட்டம் இருந்தது. 1924 இல் படிப்பை விடுத்து வாகனப் பட்டறையில் தொழில் பழகத் தொடங்கினார். பின்னர் மொன்றியால் நகரில் பணியாற்றியவாறே மாலை வகுப்புகளில் இயந்திரவியலும் மின்னியலும் கற்றார். பொறியியல் பட்டம் எதையும் இவர் பெறவில்லை. 1926 இல், 19 ஆம் வயதில், வால்கூருக்குத் திரும்பிச் சொந்தமாக வாகனப் பட்டறை ஒன்றைத் திறந்தார்.

பனிக்காலமும் சிற்றூர்களும்

அக்காலக் கியூபெக்கில் ஊரகச் சாலைகள் குளிர்காலத்தில் பனி நீக்கப்படாமல் விடப்பட்டன. நவம்பர், டிசம்பர் மாதங்களில் தானுந்துகள் கொட்டகைக்குள் நிறுத்தப்பட்டால் மீண்டும் வெளிவருவது இளவேனிலில்தான். அதுவரை குதிரை பூட்டிய சறுக்கு வண்டியே போக்குவரத்துக்கு இருந்த ஒரே வழி. தானுந்துகள் ஓடாத மாதங்களில் பொம்பார்டியேவின் பட்டறைக்கும் வேலை குறைவாக இருந்தது. அந்த ஓய்வு நேரத்தை இவர் பனியில் ஓடும் ஊர்திகளைச் செய்து பார்ப்பதில் செலவிட்டார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு மாதிரி எனச் சோதனைகள் தொடர்ந்தன.

இவருக்கு முன்னரும் பலர் இம்முயற்சியில் ஈடுபட்டிருந்தனர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த கார்ல் எலியாசன் என்பவர் 1924 இல் எந்திரம் பொருத்திய சறுக்கு வண்டி ஒன்றை உருவாக்கி, 1927 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். எனவே பனியூர்தியைத் தனியொருவர் கண்டுபிடித்ததாகக் கூற இயலாது.

மகனின் இறப்பு

1929 ஆகஸ்டில் பொம்பார்டியே இவோன் லப்ரெக் என்பவரை மணந்தார். 1934 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் இவர்களது இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டு, அது வயிற்றறை உறை அழற்சியாக முற்றியது. உடனடி அறுவை மருத்துவம் தேவைப்பட்டது. அருகில் இருந்த மருத்துவமனை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் ஷெர்புரூக் நகரில் இருந்தது. சாலைகள் பனியில் மூடிக் கிடந்தன. பட்டறையில் இருந்த சோதனை ஊர்தி ஓட்டும் நிலையில் இல்லை. குழந்தை இறந்தது.

கோடைக்காலத்தில் தானுந்தில் ஒரு மணி நேரத்துக்குள் கடக்கக்கூடிய தொலைவு அது. இந்நிகழ்வுக்கு முன்பே பனியூர்திச் சோதனைகள் நடந்துவந்தன என்பதால், மகனின் இறப்பே கண்டுபிடிப்புக்குக் காரணம் என்று கூறுவது பொருந்தாது. எனினும் அதன்பின் இவரது பணி தீவிரமடைந்தது. அடுத்த ஆண்டிலேயே அடிப்படைச் சிக்கலுக்கு இவர் தீர்வு கண்டார்.

பற்சக்கரமும் பட்டையும்

மென்பனியில் ஊர்தி புதையாதிருக்க, அதன் எடை பெரும் பரப்பில் பரவ வேண்டும். தமிழகத்தின் நெல் வயல்களில் இதே சிக்கலைக் காணலாம். சேற்று உழவில் டிராக்டருக்குக் கேஜ் வீல் எனப்படும் இரும்புச் சக்கரம் மாட்டுவதும், ஈர வயலில் டயர் வண்டிக்குப் பதிலாகப் பெல்ட் வகை அறுவடை இயந்திரத்தை இறக்குவதும் இக்காரணம் பற்றியே ஆகும்.

பட்டைகள் பொருத்திய ஊர்திகள் அப்போதே வழக்கில் இருந்தன. ஆனால் எந்திரத்தின் ஆற்றலைப் பட்டைக்குக் கடத்தும் இரும்புப் பற்சக்கரத்தில் பனி ஒட்டி இறுகியது, பட்டை நழுவியது, இரைச்சலும் அதிர்வும் மிகுந்தன. 1935 இல் பொம்பார்டியே இரப்பர் உறையிட்ட பற்சக்கரத்தையும், குறுக்கே இரும்புச் சட்டங்களால் இணைக்கப்பட்ட இரப்பர் பட்டைகளையும் கொண்ட அமைப்பை உருவாக்கினார். இரப்பர் வளைந்து கொடுப்பதால் பனி அதில் இறுகவில்லை. பின்புறம் பட்டைகள் உந்த, முன்புறம் சறுக்குக் கட்டைகள் திசை திருப்பின. இவ்வமைப்புக்கு ஜூன் 29, 1937 இல் கனடாவின் காப்புரிமை கிடைத்தது.

பி7 முதல் சி18 வரை

இவ்வமைப்பைக் கொண்டு உருவான முதல் விற்பனை ஊர்தி பி7 ஆகும். அதன் பெயரில் உள்ள எண் ஏழு பேர் அமரலாம் என்பதைக் குறிக்கிறது. மருத்துவர்கள், கால்நடை மருத்துவர்கள், பாதிரியார்கள், விடுதி உரிமையாளர்கள் ஆகியோர் தொடக்கக்கால வாடிக்கையாளர்களாக இருந்தனர். 1940 இல் ஆண்டுக்கு 200 ஊர்திகள் செய்யத்தக்க புதிய தொழிற்சாலை வால்கூரில் அமைக்கப்பட்டது. 1941 இல் பன்னிரண்டு பேர் அமரும் பி12 வெளிவந்தது. வட்ட வடிவச் சன்னல்களைக் கொண்ட இவ்வூர்தி, நோயாளர் ஊர்தியாகவும் அஞ்சல் வண்டியாகவும் பயன்பட்டது. 1942 இல் இவரது தொழில் லோட்டோ-நேஜ் பொம்பார்டியே என்னும் பெயரில் முறைப்படி நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூலப்பொருள் கட்டுப்பாட்டினால் பொதுமக்களுக்கான விற்பனை வரம்புக்கு உட்பட்டது. பனியூர்தி தமக்கு இன்றியமையாதது என்பதை நிறுவிய பின்னரே ஒருவர் அதனை வாங்க முடிந்தது. அக்காலத்தில் தொழிற்சாலை பெரும்பாலும் படைத்துறைக்கான பட்டை ஊர்திகளைச் செய்தது. 25 மாணவர்களை ஏற்றிச் செல்லும் சி18 என்னும் பள்ளி ஊர்தியும் உருவாக்கப்பட்டது.

சாலைகள் திறக்கப்பட்டதும் நெருக்கடியும்

1948 இல் கியூபெக் அரசு ஊரகச் சாலைகளிலும் குளிர்காலத்தில் பனி நீக்கத் தீர்மானித்தது. சிற்றூர் மக்களுக்கு இது பெரும் நன்மையாக அமைந்தது. ஆயினும் பெரிய பனியூர்திகளின் தேவை திடீரெனக் குறைந்தது. நிறுவனத்தின் விற்பனை ஓராண்டுக்குள் கடுமையாக வீழ்ந்தது. எச்சிக்கலைத் தீர்க்க இவ்வூர்திகள் பிறந்தனவோ, அச்சிக்கலைப் பனி அகற்றும் இயந்திரங்கள் வேறு வழியில் தீர்த்துவிட்டன.

பொம்பார்டியே சாலையில்லாத நிலப்பரப்புகளின் பக்கம் கவனத்தைத் திருப்பினார். சக்கர டிராக்டர்களில் மாட்டும் பட்டை அமைப்பு, 1953 இல் வெளிவந்த மஸ்கெக் என்னும் பட்டை டிராக்டர் ஆகியவை நிறுவனத்தை மீட்டெடுத்தன. மஸ்கெக் என்பது கனடாவின் வடபகுதிச் சதுப்பு நிலத்தைக் குறிக்கும் சொல்லாகும். எண்ணெய் ஆய்வு, மின்கம்பி அமைத்தல், காட்டு மரத் தொழில் ஆகியவற்றில் இது பரவலாகப் பயன்பட்டது. 1955-58 காலத்தில் விவியன் ஃபுக்ஸ் தலைமையில் அண்டார்க்டிக்காவைக் கடந்த பொதுநலவாய நாடுகளின் பயணக்குழுவிலும் ஒரு மஸ்கெக் இடம்பெற்றிருந்தது.

ஸ்கி-டூ

ஒருவர் அல்லது இருவர் மட்டும் செல்லத்தக்க சிறு ஊர்தி பொம்பார்டியேவின் நெடுநாள் எண்ணமாக இருந்தது. எடை குறைந்த எந்திரம் கிடைக்காததால் அது தடைப்பட்டிருந்தது. 1950களின் இறுதியில் சிறிய எந்திரங்கள் சந்தைக்கு வந்தன. இவரது மகன் ஜெர்மைன், இணைப்பு ஏதுமின்றி ஒரே வளையமாக அமைந்த அகலமான இரப்பர் பட்டையை உருவாக்கினார். இவ்விரண்டும் இணைந்தபோது சிற்றூர்தி கைகூடியது.

1959 இல் ஒரு முன்மாதிரி, ஒன்டாரியோ மாகாணத்தின் வடபகுதியில் தொல்குடி மக்களிடையே பணியாற்றிய நண்பர் மோரிஸ் உய்மே என்னும் பாதிரியாரிடம் அளிக்கப்பட்டது. அப்பகுதியில் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளே அதுவரை புழக்கத்தில் இருந்தன. நாய்களுக்கு மாற்றாக அமையும் என்னும் கருத்தில் ஸ்கி-டாக் எனப் பெயரிட எண்ணியதாகவும், அச்சுப் பிழையால் அது ஸ்கி-டூ ஆனதாகவும் ஒரு செய்தி பரவலாகக் கூறப்படுகிறது.

முதல் ஸ்கி-டூவில் 7 குதிரைத்திறன் கொண்ட எந்திரம் இருந்தது. அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். முதல் பருவத்தில் 225 ஊர்திகள் விற்பனையாயின. 1963-64 பருவத்தில் விற்பனை 8,000 ஐத் தாண்டியது. மருத்துவர்களும் பாதிரியார்களும் வேட்டைக்காரர்களும் வாங்குவர் என்று எதிர்பார்க்கப்பட்ட ஊர்தியைப் பொழுதுபோக்குக்காக வாங்குவோர் பெருகினர். வேலைக்கான ஊர்திகளே நிறுவனத்தின் அடித்தளம் எனக் கருதிய பொம்பார்டியே, ஸ்கி-டூவை மிகையாக விளம்பரப்படுத்துவதில் தயக்கம் காட்டினார்.

மறைவு

பொம்பார்டியே புற்றுநோயால் பெப்ரவரி 18, 1964 அன்று ஷெர்புரூக்கில் காலமானார். அப்போது அவருக்கு வயது 56. அவரது பெயரில் 40க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் இருந்தன. தமது சிற்றூர்தி வட அமெரிக்கக் குளிர்காலத்தையே மாற்றியமைத்ததை அவர் காணவில்லை.

மறைவுக்குப் பின்: வேகப் பெருக்கம்

1960களின் பிற்பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பனியூர்தி செய்யும் தொழிலில் இறங்கின. மின்னசோட்டா மாநிலத்தில் 1950களின் நடுப்பகுதியிலேயே இத்தொழிலைத் தொடங்கியிருந்த போலாரிஸ் நிறுவனம் முதன்மைப் போட்டியாளர்களுள் ஒன்று. 1968 ஏப்ரலில் ரால்ஃப் பிளெயிஸ்டெட் தலைமையிலான குழுவினர் ஸ்கி-டூ ஊர்திகளில் பனிப்பரப்பின் மீது சென்று வடமுனையை அடைந்தனர். 1970களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் ஒரே பருவத்தில் ஏறத்தாழ 5 இலட்சம் ஊர்திகள் விற்பனையாயின. ஆற்றல் மிக்க எந்திரங்களுக்கான போட்டியும் வளர்ந்தது. தற்கால ஊர்திகள் பல மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேல் செல்லக்கூடியவை.

வேகம் ஏன் இடர் தருகிறது என்பதை எளிய கணக்கின் மூலம் விளக்கலாம். நிறுத்தக் கருவியை அழுத்திய பின் ஊர்தி கடக்கும் தொலைவு, வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும். பனிக்கட்டியில் பிடிமானம் குறைவு. ஒவ்வொரு நொடியிலும் வேகம் நொடிக்கு 2 மீட்டர் அளவு குறைவதாகவும், ஓட்டுநர் இடரை உணர்ந்து செயற்பட ஒரு நொடி ஆவதாகவும் கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஊர்தி நிற்க ஏறத்தாழ 62 மீட்டர் தேவை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 220 மீட்டர் தேவை. ஊர்தியின் முகப்பு விளக்கு தெளிவாகக் காட்டும் தொலைவு 60 மீட்டர் அளவே எனில், இரவில் விரைந்து செல்பவர் தடையைக் கண்ட பின் நிற்க இயலாது.

தடங்களில் வேக வரம்பு

வேக வரம்பு நாட்டுக்கு நாடு மட்டுமன்றி மாகாணத்துக்கு மாகாணமும் வேறுபடுகிறது.

ஒன்டாரியோவில் பனியூர்தித் தடங்களில் உச்ச வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர் ஆகும். தானுந்துகளுக்கே 50 கிலோமீட்டர் அல்லது அதற்குக் குறைந்த வரம்புள்ள சாலைகளிலும், பொதுப் பூங்காக்களிலும் பனியூர்திக்கு 20 கிலோமீட்டரே வரம்பு.

பொம்பார்டியேவின் சொந்த மாகாணமான கியூபெக்கில் தடங்களில் மணிக்கு 70 கிலோமீட்டர் வரை செல்லலாம். குடியிருப்புகளின் அருகில் இதனினும் குறைந்த வரம்பு உண்டு.

மின்னசோட்டாவில் பொது நிலங்களிலும் பொது நீர்நிலைகளிலும் மணிக்கு 50 மைல், அதாவது ஏறத்தாழ 80 கிலோமீட்டர், வரம்பாக உள்ளது.

விஸ்கான்சினில் இரவில் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டர், வரம்பாகும்.

மேய்ன் மாநிலத்தில் எண்ணால் குறிக்கப்பட்ட பொது வரம்பு இல்லை. சூழலுக்கேற்ற மதியான வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பதே அங்குள்ள விதி.

1959 ஆம் ஆண்டின் முதல் ஸ்கி-டூ தனது முழு வேகத்தில் சென்றாலும், ஒன்டாரியோவின் இன்றைய தட வரம்பை மீறியிராது.

உறைந்த ஏரிகள்

உறைந்த ஏரி மரங்களோ வளைவுகளோ இல்லாத சமவெளியாகத் தோன்றுவதால் ஓட்டுநரை விரைந்து செல்லத் தூண்டுகிறது. ஆனால் தடங்களில் உள்ள திசைக்குறிகள் பெரும்பாலும் அங்கு இருப்பதில்லை. ஊர்திகள் எத்திசையிலிருந்தும் வரலாம். வெண்பனியில் மேடுபள்ளம் கண்ணுக்குப் புலப்படாது. ஆறு கலக்கும் இடங்களிலும் ஊற்றுகளின் மேலும் பனிக்கட்டி மெலிந்திருக்கும். பனியூர்தி செல்லத் தூய பனிக்கட்டி 5 முதல் 7 அங்குலம், அதாவது ஏறத்தாழ 13 முதல் 18 சென்டிமீட்டர், தடிப்பாக இருத்தல் வேண்டும் என்று மின்னசோட்டா இயற்கை வளத்துறை அறிவுறுத்துகிறது.

ஏரிகளில் பனிக்கட்டியைத் துளையிட்டு மீன் பிடிப்போர் குடில் அமைத்துத் தங்குவதும் உண்டு. விஸ்கான்சினில் இத்தகைய குடில்களுக்கோ நடந்து செல்வோருக்கோ 100 அடிக்குள் வரும் பனியூர்தி மணிக்கு 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர், வேகத்தைத் தாண்டக்கூடாது.

கனமான ஊர்திகளுக்கு மற்றோர் இடர் உண்டு. ஊர்தியின் எடையால் பனிக்கட்டி சற்றே வளைய, அடியில் உள்ள நீரில் அலை தோன்றுகிறது. ஊர்தியும் அலையும் ஒரே வேகத்தில் செல்ல நேர்ந்தால் பனிக்கட்டி பிளக்கலாம். இதனாலேயே கனடாவின் வடபகுதியில் உறைந்த ஏரிகள் மீது அமைக்கப்படும் பனிச்சாலைகளில், சரக்கேற்றிய பாரவுந்துகளுக்கு மணிக்கு 25 கிலோமீட்டர் போன்ற மிகக் குறைந்த வரம்புகள் விதிக்கப்படுகின்றன.

நிறுவனத்தின் பிற்கால வரலாறு

பொம்பார்டியேவுக்குப் பின் மகன் ஜெர்மைன் தலைமைப் பொறுப்பேற்றார். 1966 இல் மருமகன் லோரான் பொதுவான் தலைவரானார். ஸ்கி-டூவுக்கு எந்திரம் வழங்கிய ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவனம் 1970 இல் வாங்கப்பட்டது. 1974 இல் மொன்றியால் சுரங்கத் தொடருந்துக்கான பெட்டிகளைச் செய்யும் ஒப்பந்தம் கிடைத்தது. 1986 இல் கனடேர் என்னும் வானூர்தி நிறுவனம் வாங்கப்பட்டது. 2003 இல் பனியூர்திப் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிந்தது. ஸ்கி-டூ ஊர்திகளை அதுவே தயாரித்துவருகிறது. தொடருந்துப் பிரிவை 2021 இல் பிரான்சின் அல்ஸ்டாம் நிறுவனம் வாங்கியது.

இந்தியத் தொடர்பு

பம்பார்டியர் நிறுவனம் 2008 இல் குசராத் மாநிலத்தின் சாவ்லியில் தொடருந்துப் பெட்டித் தொழிற்சாலையைத் திறந்தது. தில்லி மெட்ரோவின் பெட்டிகள் பல அங்கு செய்யப்பட்டவை.

பனியூர்திகளும் இந்தியாவில் பயன்பாட்டில் உள்ளன. சியாச்சின் பனியாற்றுப் பகுதியில் இந்தியத் தரைப்படையினர் பொருள்களையும் நோயுற்ற வீரர்களையும் கொண்டுசெல்ல ஸ்னோ ஸ்கூட்டர் எனப்படும் ஊர்திகளைப் பயன்படுத்துகின்றனர். காசுமீரின் குல்மர்க்கில் இவை சுற்றுலாப் பயணிகளுக்கான ஊர்திகளாக உள்ளன. ஒரே இயந்திரம் ஓரிடத்தில் உயிர்காக்கும் கருவியாகவும் மற்றோரிடத்தில் கேளிக்கைக் கருவியாகவும் விளங்குவதை இந்தியாவிலும் காணலாம்.

நினைவு

வால்கூரில் பொம்பார்டியேவின் பெயரில் 1971 இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1926 ஆம் ஆண்டுப் பட்டறையும் தொடக்கக்கால ஊர்திகளும் அங்கு பாதுகாக்கப்படுகின்றன. ஷெர்புரூக் வழியாகச் செல்லும் 55 ஆம் எண் விரைவுச்சாலைக்கு அவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1934 இல் பனியில் மூடிக் கிடந்த அப்பகுதியின் சாலைகள், இன்று குளிர்காலம் முழுவதும் போக்குவரத்துக்குத் திறந்திருக்கின்றன.